ஒப்புக்கு

மீனாட்சிபுரம் சோதனைச் சாவடி, இரவு இரண்டே கால்.
திருவோணத்துக்கு இன்னும் மூன்று நாள்.
கணவாய்க் காற்றில் காய்கறி லாரிகளின் தார்ப்பாய் படபடக்கிறது.
கோபாலபுரம் வரை டேங்கர் வரிசை,
எல்லா வயிற்றிலும் பால்.

வண்டிக்கு இருநூறு மில்லி எடுப்பேன்.
ரோசாலிக் அமிலத்தில் இளஞ்சிவப்பு எட்டிப்பார்த்தால்
யாரோ புளிப்பைச் சோடாவால் மூடியிருக்கிறார்கள்.
அயோடின் நீலமானால் மாவு.
வெள்ளி நைட்ரேட்டுக்குச் செங்கல் நிறம் வராமல்
மஞ்சளாகவே நின்றுவிட்டால் உப்பு.
அந்த நைட்ரேட் கறை என் விரல்நுனிகளில்,
மருதாணி தப்பிப்போன மாதிரி, கறுப்பாய்.

கடைசியில்தான் அடர் கந்தக அமிலம்,
துளி ஃபெர்ரிக் குளோரைடு கலந்தது.
குழாயைச் சாய்த்துச் சுவரோரமாய் இறக்க வேண்டும்,
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுகிற மெதுவில்.
அமிலமும் பாலும் தொடுகிற இடத்தில்
ஊதா வளையம் கட்டினால்
பிணவறைச் சரக்கு. ஃபார்மலின்.

பொள்ளாச்சியில் பிளஸ் டூ படித்தபோது
இதே சாய்வில் பழுப்பு வளையம், நைட்ரேட்டுக்கு.
செய்தது குறைவு.
உப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் எங்களுக்கு:
நீலமென்றால் தாமிரம், மூக்கில் ஏறினால் அமோனியம்.
விடையை முதலில் வைத்துக்கொண்டு
சோதனைகளைப் பின்னால் எழுதுவோம்.
'நுரைத்துப் பொங்கியது.
வெளியேறிய வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல் மாற்றியது.'
எதுவும் பொங்கவில்லை.
கையெழுத்து நன்றாயிருந்தது.
முப்பதுக்கு முப்பது.

பதினேழாவது வண்டி திருமூர்த்தியுடையது.
உடுமலைப் பக்கம், பன்னிரண்டாயிரம் லிட்டர்.
வளையம் கட்டியது.
ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.
"நான் ஸ்டியரிங்க மட்டுந்தான் புடிச்சேன் மேடம்.
உள்ள என்ன இருக்குன்னு எனக்கென்ன தெரியும்.
இன்னொரு வாட்டி பாருங்க."

இன்னொரு வாட்டி என்றால் ஒப்பு மாதிரி வேண்டும்,
பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல பால்.
எதிரே அனிபா ராவுத்தர் கடையில்
அரை டம்ளர் வாங்கி வந்தேன்.
ஆபீசுக்கு என்றால் காசு வாங்கமாட்டார்.

இரண்டு குழாய்.
அவருடையதில் ஊதா.
ராவுத்தர் பாலிலும் ஊதா,
ஒரு சாயல் கூடுதலாக.

"பாத்தீங்களா, உங்க மருந்துதான் கெட்டுப்போச்சு!"
திருமூர்த்தி சிரித்தேவிட்டார்.
நானும் அதைத்தான் நம்பப் பார்த்தேன்.

வாட்ச்மேன் குட்டப்பனை எழுப்பி
பின்னால் கட்டியிருந்த அவர் ஆட்டைக் கறந்தோம்.
கறக்க மறுத்து, உதைத்து, கால் டம்ளர்.
மூன்றாவது குழாய். சாய்த்து, சுவரோரமாய்.
மங்கலாய் ஒரு பழுப்புக்கோடு,
அவ்வளவுதான்.
மருந்து கெடவில்லை.

சிரிப்பு நின்றபிறகு அவர் நடுக்குழாயைக் காட்டினார்.
"அப்ப இது யாரோட பாலு?"

நேற்றிரவு அமில பாட்டில் காலி.
கேட்டு எழுதி எட்டு நாளாயிற்று, வரவில்லை.
வெளியே ஹாரன், உள்ளே மஞ்சள் பல்பு, பேரேடு.
பத்தொன்பது வண்டி.
ஃபார்மலின்: இல்லை.
ஃபார்மலின்: இல்லை.
பேனா நிற்காமல் ஓடியது.
கையெழுத்து நன்றாயிருந்தது.
விடிந்து மதியம்தான் பாட்டில் வந்தது.

"நேத்து நான் விட்டது" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வண்டியைத் திருப்ப இடம் போதாமல்
முன்னும் பின்னுமாய் நெடுநேரம் உறுமிக்கொண்டிருந்தார்.
இன்றைய வரியில் 'உண்டு' என்று எழுதினேன்.
முந்தைய பக்கத்தைப் புரட்டியபோது
கறுத்த விரலின் ரேகை தாளில் ஒட்டியது.

கிழக்கே பனைகள் தெரியத் தொடங்கும்போது
பேரேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சாலையைக் கடந்தேன்.
ராவுத்தர் கண்ணாடி கிளாஸை எடுத்தார்.
"கட்டன் போதும் பாய்."
"அதென்ன, பால் வேண்டாமா?"

பெஞ்சில் ஏழெட்டுப் பேர்.
அடுப்பில் பால் பொங்கி வந்தது,
வெள்ளையாய், ஏடு கட்டி,
எந்தப் பாலும் பொங்குகிற மாதிரி.

"ஊத்தாதீங்க" என்றேன்.
"யாருக்கும்."